ஆடியில் வந்த குதிரைக்கு ஐப்பசிக்குள் செய்ய வேண்டியவை

ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடுகிற குதிரைச் சந்தை உங்களுக்குத் தெரிந்ததுதான். கத்தியவார் குதிரை, மார்வாரிக் குதிரை, மட்டக்குதிரை என்று பல ரகமும் அங்கே வந்து நிற்கும். வேடிக்கை பார்க்கப் போனவர்களில் சிலர் கையிலே கயிற்றோடு ஊர் திரும்புவதும் உண்டு. தோட்டத்திலே ஏற்கெனவே நாலு மாடு இருக்கும், பத்து ஆடு இருக்கும். "மாட்டுக்குப் போடறதுலே ஒரு கூறு இதுக்கும் போட்டாப் போச்சு" என்று நினைத்து, கட்டுத்தறியிலே ஓர் ஓரமாகக் கட்டி வைப்பார்கள்.

ஆவணியும் புரட்டாசியும் பெரிய தொந்தரவு இல்லாமல் போய்விடும். தரை காய்ந்து கிடக்கும், தட்டும் காய்ந்து கிடக்கும். ஐப்பசியிலே வடகிழக்குப் பருவமழை பிடித்ததும்தான் வினை ஆரம்பிக்கிறது. தீனியிலே பூசணம் ஏறுகிறது, கொட்டில் சேறாகிறது, கடிக்கிற ஈ பெருகுகிறது. ராத்திரி ரெண்டு மணிக்குக் குதிரை வயிற்றுவலியிலே புரளும்போது, ஓடையிலே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். டாக்டர் வண்டி வர வழி இருக்காது. ஆகவே சந்தையிலே வாங்கிய நாளுக்கும் முதல் பெருமழைக்கும் இடையே கிடைக்கிற இரண்டு, இரண்டரை மாதம்தான் உங்களுக்கு உள்ள அவகாசம். அதற்குள் என்னென்ன செய்து முடிக்க வேண்டும் என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

குதிரை மாடு அல்ல

எல்லாவற்றுக்கும் அடிப்படையான சங்கதி ஒன்று உண்டு. குதிரையின் வயிறு வேறு, மாட்டின் வயிறு வேறு.

மாட்டுக்கு வயிறு நாலு அறை. வேகமாக மேய்ந்து உள்ளே தள்ளிவிட்டு, பிறகு படுத்துக்கொண்டு நிதானமாக அசைபோடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது. அதன் உடம்பு அளவுக்கு 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அசைபோடத் தெரியாது. ஆகவே, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு 14 மணி, 16 மணி நேரம் மென்றுகொண்டே இருக்கும்படி படைக்கப்பட்ட பிராணி அது. நாரைச் செரிக்கிற வேலை பின்னால் பெருங்குடலில் நடக்கிறது. அங்கே இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன. தீனியை ஒரே நாளில் மாற்றினால் அந்த நுண்ணுயிர்கள் செத்து, வாயு கட்டி, வயிற்றுவலி வருகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது தவறானதாக இருந்தாலும் திரும்பி வர வழி கிடையாது.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லீங்க. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியிலே பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் இங்கே வந்து இறங்கின. ஆனால் வளர்க்கும் முறை தெரியாததால் பெரும்பாலானவை செத்துப் போயின, சோறும் சமைத்த தீனியும் போட்டார்கள், குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இல்லை என்று அவர் குறிப்பிடுகிறார். காசு கொடுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கட்டி வளர்க்கத் தெரியவில்லை. இன்றைக்கும் நஷ்டம் வருவது அதே இடத்திலேதான்.

வந்த முதல் மூன்று வாரம்

வாங்கும்போதே விற்பவரிடம், "இதுக்கு இப்போ என்ன தீனி, எத்தனை வேளை?" என்று கேளுங்கள். முடிந்தால் அதே தீனியில் ஒரு வாரத்துக்கானதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பழைய தீனியிலே உங்கள் தீனியைத் தினம் கொஞ்சமாகக் கலந்து, 7 முதல் 10 நாளில் முழுக்க மாற்றிக்கொள்ளலாம். வண்டியிலே வந்து இறங்கிய அன்றைக்குத் தானியம் வேண்டாம். நல்ல தண்ணீரும் காய்ந்த தட்டும் போதும்.

புதுக் குதிரையை மற்றக் குதிரைகளோடு மூன்று வாரமாவது சேர்க்காதீர்கள். தொட்டி, வாளி, கயிறு எல்லாம் தனியாக இருக்கட்டும். மூக்குச் சளி, தாடைக்கு அடியிலே கட்டி, காய்ச்சல் இருக்கிறதா என்று பாருங்கள். குதிரைக்கு 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பான சூடு.

கிளாண்டர்ஸ் என்று ஒரு பொல்லாத வியாதி உண்டு. குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தொற்றும். சட்டப்படி கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய வியாதி அது. ரத்தப் பரிசோதனையில்தான் உறுதி செய்ய முடியும். ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்த நோய்க்கான பரிசோதனை செய்கிறது. உங்கள் கால்நடை மருத்துவரிடம் சொன்னால் ரத்த மாதிரி எடுத்து அனுப்ப வழி செய்வார். "குதிரை பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் நாளே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக ஒரு சுற்று நடத்திக் காட்டுங்கள். எல்லை எது, தண்ணீர் எங்கே என்று அது தெரிந்துகொள்ளட்டும். குதிரை கூட்டத்திலே வாழ்கிற பிராணி. தனியாகக் கட்டினால் ஏங்கும், தீனி குறையும், தூங்காது. இன்னொரு குதிரை இல்லையென்றால் ஓர் ஆட்டையோ கழுதையையோ கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலே கட்டுங்கள். அந்தத் துணையிலேயே பாதி மிரட்சி போய்விடும்.

தீனிக் கணக்கு

நம் பக்கத்து நடுத்தரக் குதிரை ஒன்று 350 கிலோ எடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையில் நூற்றுக்கு 2 பங்கு காய்ந்த தீனி வேண்டும். அதாவது நாளைக்கு 7 கிலோ. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்கு 630 கிலோ ஆகிறது. மழைக்காலத்திலே பச்சைப்புல் கிடைக்கும்தான். ஆனால் அதிலே முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தொடர்ந்து மழை பெய்யும் வாரத்திலே அறுக்கவும் முடியாது. ஆகவே அரை டன்னுக்குக் குறையாமல் காய்ந்த தட்டு, புல், கடலைக்கொடி சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசிக்குள் போர் போட்டு முடித்து, தரையிலே படாமல் கட்டை அடுக்கி, மேலே தார்ப்பாய் மூடுங்கள்.

பூசணம் பிடித்த தீனியை மாடு சில சமயம் தாங்கிவிடும். குதிரை தாங்காது. பூசணம் ஏறிய மக்காச்சோளம் குதிரையின் மூளையையே கெடுத்துக் கொன்றுவிடும். கடலைக்கொடியை மழையிலே பிடுங்கிக் குவித்து, உள்ளே கறுத்துப் போயிருந்தால், "உதறிப் போட்டாச் சரியாயிடும்" என்று போடாதீர்கள். அதை எருக்குழிக்கு அனுப்புங்கள்.

கொள்ளு எவ்வளவு போடலாம்? சவாரியோ வேலையோ இல்லாமல் நிற்கிற குதிரைக்குத் தானியமே அவசியம் இல்லை. நல்ல தட்டும், புல்லும், உப்பும், தாது உப்புக் கலவையும் போதும். வேலை செய்கிற குதிரைக்கு ஊறவைத்து வேகவைத்த கொள்ளு நாளைக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தானிய அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் அவசியம். அவிழ்த்துக்கொண்ட குதிரை ராத்திரி மூட்டையிலே வாய் வைத்தால், மறுநாள் வயிற்றுவலியோ குளம்பு அழற்சியோ நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நாளைக்கு 25 முதல் 35 லிட்டர் வேண்டும். மழைக்காலத்திலே தாகம் இல்லாததுபோல் இருக்கும். காய்ந்த தீனி தின்கிற குதிரை தண்ணீர் குடிக்காவிட்டால் குடலிலே தீனி அடைத்துக்கொள்ளும். தொட்டியைத் தினம் கழுவி, குடித்த அளவைப் பாருங்கள். உப்பு நாளைக்கு 30 கிராம் அளவு போட்டால் தண்ணீர் தானாக இறங்கும்.

கொறங்காட்டுக்காரர்கள் கவனத்துக்கு

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் கொறங்காட்டிலே குதிரையை விடலாம் என்று நினைப்பார்கள். இடம் நல்ல இடம்தான். கிளுவை வேலி, வெள்வேல மர நிழல், காய்ந்த தரை, எல்லாம் குதிரைக்குப் பிடித்தவை. ஆனால் அங்கே முக்கியமான புல் கொழுக்கட்டைப் புல். அதிலே ஆக்சலேட் என்கிற பொருள் இருக்கிறது. அது தீனியில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றிலே உள்ள நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துவிடுவதால் காங்கயம் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. மாதக்கணக்கில் அந்தப் புல்லையே தின்றால், உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். நடை தடுமாறும், முக எலும்பு இருபுறமும் வீங்கும். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லிலும் இதே குணம் உண்டு. இதோடு தவிட்டையும் வாரிப் போட்டால் கேடு இரட்டிப்பு. தவிட்டிலே பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு.

பரிகாரம் பக்கத்திலேயே இருக்கிறது. பெயரிலேயே குதிரை இருக்கிற குதிரை மசால் பயிருக்குச் சுண்ணாம்புச் சத்து நிறைய. கிணற்றுப் பாசனத்திலே அஞ்சு சென்டு போட்டாலும் ஒரு குதிரைக்குக் கலந்து போட உதவும். இல்லாதவர்கள் வேலி மசாலோ சுத்தமான கடலைக்கொடியோ கலந்து கொடுக்கலாம். புல்லை விடச் சொல்லவில்லை. புல்லை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறோம்.

மழைக்குப் பிறகு தளதளவென்று புதுப்புல் முளைக்கும் சமயமும் ஆபத்தானது. முதல் நாள் அரைமணி, மறுநாள் முக்கால்மணி என்று பழக்குங்கள். முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்று, குளம்பு தொட்டால் சூடாக இருந்தால் அது குளம்பு அழற்சி. உடனே மேய்ச்சலை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

போடவே கூடாதவை

கோழித் தீவனமும், என்ன கலந்தது என்று தெரியாத மாட்டுக் கலப்புத் தீவனமும் குதிரைக்கு ஆகாது. கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கக் கலக்கிற மோனென்சின் என்ற மருந்து, கோழிக்கும் மாட்டுக்கும் பொறுக்கிற அளவிலே கூடக் குதிரையின் இருதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் தீவன மூட்டையையும் அள்ளுகிற கூடையையும் குதிரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சூபாபுல் என்கிற சவுண்டல் தழை ஆட்டுக்கு நல்லதுதான். குதிரைக்குத் தொடர்ந்து போட்டால் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டிப் போகும். இளஞ்சோளப் பயிரிலே விஷம் உண்டு என்று மாட்டுக்கே பயப்படுகிறோம். குதிரைக்குப் பச்சைச் சோளம் தொடர்ந்து போட்டால் பின்னங்கால் தள்ளாடி, மூத்திரம் சொட்டுகிற வியாதி வரும். நன்றாக விளைந்து காய்ந்த தட்டாகவே போடுங்கள். வேலியோரத்து அரளி ஒரு கை இலை கூட உயிருக்கு ஆபத்து. மேய்கிற இடத்திலே அரளி இருந்தால் இன்றைக்கே வெட்டி எரிக்காமல் புதைத்துவிடுங்கள்.

லாயமும் வேலியும்

ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி, மட்டக்குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி இடம் வேண்டும். கூரை தலைக்கு மேலே நல்ல உயரமாக இருக்கட்டும். சுற்றுத் தரையைவிட ஓர் அடி, ஒன்றரை அடி மேடு தட்டி, செம்மண்ணோ சரளையோ போட்டுக் கெட்டிப்படுத்துங்கள். சிமெண்டுத் தரை ஈரத்திலே வழுக்கும், காலுக்கும் கடினம். ஏற்கெனவே சிமெண்டு போட்டிருந்தால் மேலே வைக்கோலோ மரத்தூளோ கனமாகப் பரப்புங்கள்.

மழைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தைத் தட்டியால் அடையுங்கள். ஆனால் நாலு பக்கமும் மூடிவிடாதீர்கள். குதிரைக்குக் குளிரைவிடக் கெட்ட காற்றுதான் எதிரி. ஒரு சோதனை சொல்கிறேன். காலையிலே லாயத்துக்குள் போய், குதிரை படுத்தால் அதன் மூக்கு இருக்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் கரித்தால் மூத்திர ஈரத்தை உடனே அள்ள வேண்டும், காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று அர்த்தம். மாட்டுக்குப் போடுவதுபோல் கொசுவுக்காக வேப்பிலை மூட்டம் அடர்த்தியாகப் போடுவதும் குதிரை நுரையீரலுக்கு ஆகாது. வலை கட்டுவதே மேல்.

முள்கம்பி வேலியைக் குதிரை கவனிக்காது. இடிச் சத்தத்திலே மிரண்டு ஓடினால் நேராகப் போய் விழுந்து நெஞ்சைக் கிழித்துக்கொள்ளும். உயிர்வேலி, மரச்சட்டம், மூங்கில் நல்லது. கைப்பிடிச்சுவர் இல்லாத பழங்கிணறு, மின்கம்பத்து ஸ்டே கம்பி, மோட்டார் கொட்டகை ஆகியவற்றைச் சுற்றி மழைக்கு முன்பே தடுப்புப் போட்டுவிடுங்கள்.

குளம்பு, தடுப்பூசி, பூச்சி

குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தரம் சீவ வேண்டும். லாடக்காரரைப் புரட்டாசியிலேயே வரவழையுங்கள்; மழையிலே அவர் கிடைக்க மாட்டார். தினமும் குளம்பைத் தூக்கி, நடுவிலே முக்கோணமாக இருக்கிற மெத்தைப் பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். கறுப்பாக ஒழுகி, துர்நாற்றம் வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. மருந்தைவிடக் காய்ந்த தரையே அதற்கு முதல் சிகிச்சை.

ரணஜன்னி என்கிற டெட்டனஸ் குதிரையை மற்ற எந்தக் கால்நடையையும்விடச் சுலபமாகத் தாக்கும். ஓர் ஆணி குத்தினாலே போதும். தடுப்பூசி இரண்டு தவணை, இடையே 4 முதல் 6 வாரம். ஆவணியிலே ஆரம்பித்தால்தான் ஐப்பசிக்குள் முடியும். குதிரையைப் பராமரிக்கிற ஆளும் தனக்கு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

மழைக்காலத்திலும் அதன் பிறகும் கடிக்கிற பெரிய ஈக்களால் சர்ரா என்ற ரத்த நோய் பரவும். காய்ச்சல் விட்டு விட்டு வரும், தீனி தின்றும் மெலியும், அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோத்து வீங்கும். ரத்தம் சோதித்தால் தெரியும், மருந்தும் உண்டு. குடற்புழு மருந்தை டாக்டர் சொல்கிற அளவிலேயே கொடுங்கள். மேய்கிற இடத்திலே லத்தியை வாரம் இரண்டு முறை அள்ளி, மக்கவைத்து எருவாக்குங்கள்.

குளிருக்கு என்ன?

மார்கழிப் பனிக்குச் சாக்கு போர்த்தலாமா என்று கேட்கிறார்கள். சமவெளியிலே தேவையில்லை. நனைந்த சாக்கு குளிரைக் கூட்டவே செய்யும். குதிரைக்குள்ளேயே ஓர் அடுப்பு இருக்கிறது. பெருங்குடலிலே நார் புளிக்கும்போது உண்டாகிற சூடுதான் அது. குளிர் ராத்திரியிலே கூடுதலாக இரண்டு கிலோ தட்டுப் போட்டால் அடுப்பு எரியும். கொள்ளைக் கூட்டினால் அந்தச் சூடு வராது, வயிற்றுவலிதான் வரும். உதகை, கொடைக்கானல் பக்கத்திலே கிழட்டுக் குதிரை, மெலிந்த குதிரை வைத்திருப்பவர்கள் மட்டும் காய்ந்த கம்பளி போர்த்தலாம். மழையிலே நனைந்தால் வைக்கோலால் நன்றாகத் தேய்த்துக் காயவிடுங்கள்.

வயிற்றுவலி வந்தால்

முன்னங்காலால் தரையைப் பறிப்பது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, வியர்ப்பது, லத்தி போடாமல் இருப்பது ஆகியவை அடையாளங்கள். நல்ல குதிரை நாளைக்கு 8 முதல் 12 தடவை லத்தி போடும். தாடைக்கு அடியிலே விரல் வைத்தால் நாடி தெரியும். சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு. 60-க்கு மேல் போனால் நிலைமை மோசம்.

உடனே தீனியை எடுத்துவிடுங்கள். அடித்துப் புரளப் பார்த்தால் மெதுவாக நடத்துங்கள். மாட்டுக்கு ஊற்றுவதுபோல் மூங்கில் கொட்டத்திலே எண்ணெயோ கஷாயமோ ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய், வயிற்றுவலியிலே பிழைக்கக்கூடிய குதிரையும் சளிக்காய்ச்சலிலே செத்துவிடும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தால் எந்த வழியிலே, யார் வண்டியிலே போவது என்பதை மழைக்கு முன்பே பேசி வையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஆவணியிலே தடுப்பூசியும் ரத்தப் பரிசோதனையும். புரட்டாசியிலே தீனிப்போர், லாயம், வேலி, லாடக்காரர். ஐப்பசி பிறந்ததும் தினம் காலை குளம்பு, லத்தி, தண்ணீர்த் தொட்டி மூன்றையும் பார்ப்பது. இவ்வளவுதான் வேலை. நன்றாக வைத்துக்கொண்டால் குதிரை 25 வருஷம், அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். உங்கள் பேரப்பிள்ளை ஏறுகிற குதிரையும் அதுவாகவே இருக்கலாம். அதற்கு முதல் மழையை அது சுகமாகத் தாண்ட வேண்டும்.